சிக்னல் கிடைக்காத அறை

அந்த அம்மாவிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒரு மூச்சு தாமதமாகத்தான் வந்தது.

"உக்காருங்கம்மா. என்ன வேணும்?" என்றேன். அவர் உட்காரவில்லை. வயிற்றோடு அணைத்திருந்த கைப்பையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

"டெபாசிட்ட முடிச்சிக்கணும்."

"முழுசாவாம்மா?"

மறுபடியும் பை. மறுபடியும் ஒரு மூச்சு. "முழுசா."

காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். அவர் பதறிப்போய், "மெதுவா பேசும்மா, மெதுவா" என்றார். வெளியே அக்னி நட்சத்திர வெயில். உள்ளே ஏ.சி. குளிர். அந்தக் குளிரிலும் அவருடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. வெள்ளைப் புள்ளி போட்ட ஊதா நிறச் சேலை. நேற்றே கட்டியதைப் போலக் கசங்கியிருந்தது. ஆனால் தலைமுடி மட்டும் ஒரு பிசிறு இல்லாமல் இறுகக் கொண்டை போடப்பட்டிருந்தது.

நான் அப்போது எம்.பி.ஏ. முதல் வருடம் முடித்திருந்தேன். கோடைப் பயிற்சிக்காக ஆம்பூரில் ஒரு வங்கிக் கிளையில் என்னைச் சேர்த்திருந்தார்கள். வாசலை ஒட்டிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, சரியான ஆளிடம் அனுப்ப வேண்டும். கல்லூரி நண்பர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடங்களில் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர்தான் வாய்த்தது. அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த அம்மாவை டெபாசிட் கவுன்டரில் இருந்த சேகர் சாரிடம் அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் திரும்பினேன். மனம் திரும்பவில்லை.

நீலத் தோலும் தங்க அலமாரியும்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

வங்கி என்றால் எனக்கு அதுவரை ஏ.டி.எம். எந்திரம்தான். அம்மா இங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். சம்பளம் கணக்கில் விழுந்ததும் எந்திரத்தில் எடுப்பாள். உள்ளே போக வேண்டிய அவசியமே வந்ததில்லை. நான் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும், "இன்னாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமா உக்காருவியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கு எல்லாமே பிரமிப்பாக இருந்தது. முதல் வாரத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள். கடன் வாங்கியவர் சொன்னபடி சரக்கு இருக்கிறதா என்று வங்கி அவ்வப்போது போய்ப் பார்க்கும். கிடங்குக் கதவைத் திறந்ததும் ஈரமான நீல நிறத் தோல்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. பிறந்ததிலிருந்து அந்த வாடையோடு வளர்ந்தவள் நான். அதற்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்பதை அன்றுதான் பார்த்தேன். எங்கோ ஒரு நாட்டில் யாரோ போட்டு நடக்கப்போகிற காலணி, அதுவரை எங்கள் கிளையின் நம்பிக்கையில் நீலமாக நனைந்து கிடந்தது.

அதைவிடப் பெரிய பிரமிப்பு பெட்டக அறை. இரண்டு பேர், இரண்டு சாவி. ஒருவர் மட்டும் திறக்க முடியாது. என் கை அகலத்துக்கு மேல் தடிமனான இரும்புக் கதவு, ஒரு சத்தமும் இல்லாமல் திறக்கும். உள்ளே ஒரு பக்கம் ரொக்கமும் அடகு நகைகளும். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளர்களின் லாக்கர் அலமாரிகள். அங்கே நுழைந்த மாத்திரத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டதுபோல இருக்கும். ஹாரன் சத்தம் கிடையாது, பள்ளிவாசல் பாங்கு சத்தம் கிடையாது, கோயில் ஒலிபெருக்கியும் கேட்காது. கையிலிருக்கும் போன்கூடச் செத்துவிடும். அத்தனை இரும்பையும் கான்கிரீட்டையும் தாண்டி எந்த சிக்னலும் வராது.

கிளை மேலாளர் தஸ்லீம் மேடம். பேரணாம்பட்டுக்காரர். நாற்பதைத் தாண்டியிராது. முக்காடு நழுவாமல், நடை தளராமல் கிளை முழுவதும் சுற்றிக்கொண்டே இருப்பார். உருதுவில் வருகிறவரிடம் உருது, தமிழில் வருகிறவரிடம் தமிழ், மேலிடத்துப் போனில் ஆங்கிலம். என்னிடம் அதிகம் பேசியதில்லை. "சாப்ட்டியா?" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார்.

"அவங்க பணம் மேடம்"

நான் எழுந்து அவருடைய அறைக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"மேடம், சேகர் சார்கிட்ட ஒரு அம்மா டெபாசிட்ட முடிக்க வந்திருக்காங்க. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி பையைப் பாக்கறாங்க. யாரோ சொல்லிக் குடுத்து அப்புறம் பேசற மாதிரி இருக்கு."

சிரித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவை அப்படியே வைத்தார். கண்ணாடி வழியாக அந்த அம்மாவைப் பார்த்தார். கொண்டைக்குக் கீழே, சேலைத் தலைப்பால் மூடிய இடத்திலிருந்து மெல்லிய வெள்ளை ஒயர் ஒன்று இறங்கிப் பைக்குள் போயிருந்தது. நான் அத்தனை நேரம் எதிரில் இருந்தும் அதைக் கவனிக்கவில்லை.

"சேகர் சார், ஒரு நிமிஷம்."

அவர் வந்து கதவைச் சாத்தினார். அந்த அம்மாவின் பெயர் எஸ்தர் என்றார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் இந்த ஒரே டெபாசிட்டில் இருந்தது. அதை முடித்து, வடக்கே ஏதோ ஒரு கம்பெனியின் கணக்குக்கு இன்றே அனுப்ப வேண்டும் என்கிறார். ஏன் என்றால், வீடு வாங்குகிறேன் என்கிறார்.

"நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன் மேடம். ஏன் கேக்கறீங்கன்னு அழற மாதிரி ஆயிட்டாங்க" என்றார் சேகர் சார். "கையெழுத்து சரியா இருக்கு. ஆதார் சரியா இருக்கு. அவங்க பணம் மேடம். நாம எப்டி நிறுத்தறது?"

மேடம் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். கதவைத் திறக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. மாமியார் வீட்டு விருந்தாளியை வரவேற்கிற சிரிப்பு.

"வாங்கம்மா, வணக்கம். நான்தான் மேனேஜர். உங்க டெபாசிட் பேப்பர் உள்ள லாக்கர் ரூம்ல இருக்கு. அத நீங்க நேர்ல வந்து பாத்தாத்தான் எடுக்க முடியும். ரூல்ஸ். ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போய்டுங்க, உடனே அனுப்பிடலாம்."

அப்படி ஒரு விதியே கிடையாது. அவர் பேசியது எஸ்தர் அம்மாவிடம் அல்ல, பைக்குள் இருந்தவனிடம் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

எஸ்தர் அம்மா குனிந்தார். காத்திருந்தார். யாரோ போகச் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க" என்றார்.

"நிவேதா, நீயும் வா. தண்ணி எடுத்துக்கோ."

உள்ளே

உள்ளே நுழைந்து லாக்கர் அலமாரிகளுக்கு நடுவே போனதும், எஸ்தர் அம்மாவின் கை காதுக்குப் போனது. ஒயரைத் தட்டினார். பைக்குள்ளிருந்து போனை எடுத்தார். திரையில் யாரும் இல்லை. அழைப்பு அறுந்திருந்தது.

அப்படி ஒரு பயத்தை ஒரு முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஐயோ, கட் ஆயிடுச்சி! கட் பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்களே!" என்று வாசலை நோக்கித் திரும்பினார்.

மேடம் வழி மறிக்கவில்லை. எனக்கு இன்றும் அதுதான் ஆச்சரியம். ஒதுங்கி நின்றார்.

"கதவு தொறந்துதான் இருக்கு சிஸ்டர். எப்ப வேணா நீங்க போலாம். போறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

'சிஸ்டர்' என்ற அந்த ஒரு சொல்லில் அவர் நின்றார். எத்தனையோ வருடங்கள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழகிய உடம்பு. நான் தம்ளரை நீட்டினேன். வாங்கும்போது தண்ணீர் தளும்பி என் கை நனைந்தது.

பிறகு துண்டு துண்டாக வந்தது கதை. முந்தின நாள் காலை போன் வந்திருக்கிறது. அவர் பெயரில் போன பார்சல் ஒன்றில் போதை மருந்து பிடிபட்டதாம். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் முத்திரை. உங்களைக் கைது செய்துவிட்டோம், வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் போனை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. சொன்னால் தங்கை மகனின் வேலையும் போய்விடும். பணத்தை அனுப்பினால் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிடுவோம். அன்று சாயங்காலமே கையிருப்பில் இருந்த கொஞ்சத்தைப் போனிலேயே அனுப்பியிருக்கிறார். தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் போன் விழித்திருந்திருக்கிறது.

இன்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் இந்த மோசடியின் பெயர் தெரியும். அன்று எனக்குத் தெரியாது. எஸ்தர் அம்மாவுக்கும் தெரியாது.

"சிஸ்டர், இது ஏமாத்து வேலை" என்றார் மேடம்.

எஸ்தர் அம்மா அவரை உற்றுப் பார்த்தார். "இப்டி சொல்வீங்கன்னும் சொன்னாங்க."

"யாரு?"

"அவங்கதான். பேங்க்காரங்களும் இதுல கூட்டு, நம்பாதன்னு சொன்னாங்க."

இனி என்ன சொன்னாலும் வேலைக்காகாது. நாம் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னாலேயே ஒருவன் வந்து வேலி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நானாக இருந்திருந்தால் அழுது, கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

மேடம் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏதோ ஊர்க்கதை பேசப்போகிறவரைப் போல.

"சரி, என்ன நம்ப வேணாம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க எந்த வார்டு?"

"வார்டு இல்ல. தியேட்டர். ஆபரேஷன் தியேட்டர்."

"கடைசி வரைக்குமா?"

"ஆமா."

"ஒரு நாள் தியேட்டர்ல நிக்கறீங்க. பேஷன்ட் டேபிள்ல இருக்காங்க. போன் வருது. யாருன்னே தெரியாத ஆளு. நான் பெரிய டாக்டர் பேசறேன், இந்த ஊசிய உடனே போடு, போடலன்னா உயிர் போய்டும், பக்கத்துல யாரையும் கேக்காதன்னு சொல்றான். போடுவீங்களா?"

எஸ்தர் அம்மா போனைக் குனிந்து பார்க்கவில்லை. இந்த முறை அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்று தெரிந்தது. கண்கள் எங்கோ போயிருந்தன. உதடு அசைந்தது.

"போட மாட்டேன்."

"உயிர் போய்டும்ங்கறானே?"

"போட மாட்டேங்க."

"ஏன் சிஸ்டர்?"

"யாரையும் கேக்காதன்னு ஒருத்தர் சொன்னாலே..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது தப்பான ஊசி."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் நின்றார். பிறகு மெல்ல ஸ்டூலைத் தேடினார். மேடம் எழுந்து அவரை உட்கார வைத்தார். எஸ்தர் அம்மா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தோள்கள் குலுங்க அழுதார்.

மேடம் அவர் முதுகில் கை வைத்திருந்தார். உருதுவில் ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் பொருள் புரியவில்லை. எஸ்தர் அம்மாவுக்கும் புரிந்திருக்காது. இரண்டு பேருக்குமே அது தேவையாகவும் இல்லை.

போனை எடுத்த கை

வெளியே வந்து மேடத்தின் அறையில் உட்கார்ந்ததும் போனுக்கு உயிர் வந்தது. மேசை அதிர அதிர அடித்தது. நின்றது. உடனே மறுபடியும் அடித்தது.

"எடுக்க வேணாம் சிஸ்டர். நாம புகார் குடுத்துட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்டலாம். நானும் வர்றேன்."

எஸ்தர் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு போனை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

அறை முழுவதும் ஒரு ஆணின் குரல் நிறைந்தது. முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம், பிறகு எங்கிருந்தோ கற்றுக்கொண்ட தமிழ். "எங்கே போனே? உன்னை இப்போ ஜெயில்ல போடறேன். லைன் ஏன் கட் பண்ணே?"

"நீ கத்தாத" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மெதுவானதுதான். ஆனால் கை நீட்டினால் கத்தி கைக்கு வர வேண்டும், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்ற இடத்தில் பழகிய குரல். வாசல் மேசையில் என்னிடம் மெதுவா பேசும்மா என்று கெஞ்சியவர் எங்கோ போய்விட்டிருந்தார்.

"நீ லைன்லயே இரு. கட் பண்ணாத. வீடியோவப் போடு. உன் மூஞ்சிய நல்லா வெளிச்சத்துல காட்டு. பேரு சொல்லு. எந்த ஸ்டேஷன்? நான் ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பிட்டு இருக்கேன். அங்க வந்து உன் பேரச் சொன்னா தெரியுமா?"

அந்தப் பக்கம் ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. பிறகு திரை இருண்டது.

இத்தனை நேரம் கட் பண்ணாதே என்று மிரட்டியவன் தானே கட் பண்ணிவிட்டுப் போனான்.

கதவருகே நின்ற சேகர் சார் கைதட்டிவிட்டார். தட்டிய பிறகு வெட்கப்பட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேடம் சொன்னது

ஸ்டேஷனுக்குப் போய், புகார் பதிவாகி, எஸ்தர் சிஸ்டரைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். மேடத்துக்குத் தேநீர் கொண்டுபோனேன். கோப்பையை எடுக்கப் போனவர் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின. மேசைக்கு அடியில் கொண்டுபோய் ஒரு கையால் இன்னொன்றை அழுத்திப் பிடித்தார்.

"என்ன மேடம்? எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சே."

"சேகர் சொன்னது சரிதான் நிவேதா. அவங்க பணம். அவங்க கேட்டா நாம குடுத்துத்தான் ஆகணும். கொஞ்ச நேரம் இழுக்கலாம், ஜாஸ்தி நேரம் முடியாது." ஆவி பறக்கும் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள அவங்க இன்னொரு தடவ உறுதியா கேட்டிருந்தா, நான்தான் என் கையால அனுப்பி இருப்பேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த இரும்புக் கதவையும் இரண்டு சாவிகளையும் பார்த்து வாய் பிளந்தவள் நான். அவ்வளவு கனமான கதவுக்குள் இருந்த பணத்தை, தூரத்தில் எங்கோ உட்கார்ந்து ஒருவன் ஒரு குரலால் கிட்டத்தட்ட வெளியே எடுத்துவிட்டான். அதை உள்ளேயே நிறுத்தியதும் ஒரு குரல்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என் எதிரில், தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் திறமை இருந்தது, பயமும் இருந்தது. அந்த இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

கல்லூரிக்கு நான் கொடுத்த பயிற்சி அறிக்கை, தோல் தொழிலுக்கான நடப்பு மூலதனக் கடனைப் பற்றியது. நல்ல மதிப்பெண் கிடைத்தது. எஸ்தர் சிஸ்டரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காலை

வங்கிக்கு வருவதற்கு முந்தின நாள் எஸ்தர் சிஸ்டர் போனில் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை வழியிலேயே முடக்கி வைக்க முடிந்தது. மீதி போனது போனதுதான். அதற்காக அவர் சில நாள் சாப்பிடவில்லை என்று அவருடைய தங்கை மேடத்திடம் சொன்னாராம். நாங்கள் வருந்தினோம். வேறென்ன செய்ய முடியும்?

என் பயிற்சி முடியப்போகிற சமயத்தில் ஒரு காலை அவர் வந்தார். தங்கையும் கூட வந்திருந்தார். வெளிர் மஞ்சள் சேலை, காதில் ஒயர் இல்லை. என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"கண்ணு, டெபாசிட்ட முடிக்கணும்."

சேகர் சார் தன் இடத்திலிருந்தே எழுந்துவிட்டார். மேடம் அறையிலிருந்து வெளியே வந்து, நடந்துகொண்டே, "என்ன சிஸ்டர், என்ன ஆச்சு? யாராவது மறுபடியும்..." என்றார்.

"யாரும் இல்ல மேடம். நான்தான்." அவர் சிரித்தார். வரிசையான சின்னப் பற்கள். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "பாதி எடுத்தா போதும். மீதி இங்கயே இருக்கட்டும்."

"பாதியும் ஜாஸ்தி பணமாச்சே சிஸ்டர். எதுக்குன்னு கேக்கலாமா?"

"நீங்க கேக்கணும். கேக்காதன்னு நான் சொல்ல மாட்டேன்." தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தன வருஷமா பூட்டி வெச்சிருந்தேன். யாருக்கு, எதுக்குன்னு யோசிச்சதே இல்ல. எவனோ ஒருத்தன் வந்து மிரட்டி எடுத்துட்டுப் போகப் பாத்தான். அப்பதான் நெனச்சேன், நாமளே ஒரு தடவ எடுத்துச் செலவு பண்ணிப் பாக்கலாமேன்னு. நாங்க ரெண்டு பேரும் ப்ளேன்ல ஏறினதே இல்ல. ஜெருசலேம் பாக்கணும்னு சின்ன வயசுல இருந்து இவளுக்கு ஆசை. அங்க இப்ப நெலம சரியில்லன்னா, கடல் இருக்கற வேற ஏதாவது ஊரு. அந்தச் செலவு போக மிஞ்சறத வெச்சி வீட்டுக்கு மாடி எடுத்து, இவளையும் என்கூடவே வெச்சிக்கப் போறேன்."

வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடம் வேறு யாரையும் கூப்பிடவில்லை. தானே கணினி முன் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விசைப்பலகையை இழுத்தார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்.

"சொல்லுங்க சிஸ்டர். பணத்த யார் கணக்குக்கு அனுப்பணும்?"

"எனக்குத்தான்" என்றார் எஸ்தர் சிஸ்டர்.